சூரியக் குடும்பத்தில் ஒரு பெயர் முன்மொழிவது எப்படி: படிகள், ஆவணங்கள், செலவு, காலம்

செவ்வாயில் உள்ள ஒரு குழிக்கோ, எண்ணை மட்டும் சுமந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு குறுங்கோளுக்கோ முறையான பெயர் வாங்கித் தர முடியுமா? முடியும். அதற்குப் பணமும் தேவையில்லை. ஆனால் இதற்கான விதிகள் ஒரே இடத்தில் இல்லை. ஒரு குழுவின் விதி ஒரு பக்கத்தில், இன்னொரு குழுவின் படிவம் வேறொரு பக்கத்தில், நடுவில் பணம் பிடுங்கக் காத்திருக்கும் தளங்கள். நான் இந்த வேலையில் இறங்கியபோது யாரைக் கேட்பது என்று கண்டுபிடிக்கவே பெரும்பாலான நேரம் போய்விட்டது. எழுதிய கடிதங்கள் சிலவற்றுக்குப் பதிலே வரவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எதற்குப் பெயர் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயரை அங்கீகரிக்கும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு மட்டுமே உண்டு. சுருக்கமாக ஐஏயு என்பார்கள். ஆனால் "ஐஏயு" என்று பொதுவாக ஒரு கடிதம் போட்டால் அது எங்கும் போய்ச் சேராது. உள்ளே இரண்டு பணிக்குழுக்கள் இருக்கின்றன.

முதலாவது, கோள் அமைப்புப் பெயரிடல் பணிக்குழு. கோள்கள், நிலவுகள் ஆகியவற்றின் தரையில் உள்ள குழி, மலை, பள்ளத்தாக்கு, சமவெளி எல்லாம் இதன் பொறுப்பு. கோள்களைச் சுற்றும் நிலவுகளின் பெயரும் இங்கேதான் முடிவாகிறது. சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வெளிக் கோள்கள் என்று இதன் கீழே தனித்தனித் துணைக்குழுக்கள் உண்டு. விண்ணப்பம் முதலில் அவர்களிடம்தான் போகும்.

இரண்டாவது, சிறு பொருள்கள் பெயரிடல் பணிக்குழு. குறுங்கோள்களுக்கும் அவற்றைச் சுற்றும் குட்டி நிலவுகளுக்கும் இதுதான் வாசல்.

வால்மீன்களுக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். கண்டுபிடித்தவரின் பெயரோ, கண்டுபிடித்த தொலைநோக்கித் திட்டத்தின் பெயரோ வழக்கப்படி வந்து ஒட்டிக்கொள்ளும். ஹேல்–பாப் அப்படித்தான் வந்தது.

2. அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா, நீங்கள் நினைத்த பெயர் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்

இவை இரண்டும் தனித்தனித் தேடல்கள். இரண்டையும் செய்துவிட்டு மேலே போங்கள்.

தரை அமைப்புகளுக்கு, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் பிரிவு பராமரிக்கும் கோள் பெயர்க் கெசட்டியர் என்ற பெயர்ப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் இடம், அளவு, பெயரின் மூலம், அங்கீகரித்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். குறுங்கோள்களுக்கு, அவற்றைப் பதிவு செய்யும் மைனர் பிளானெட் சென்டரின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வைத்திருக்கும் சிறு பொருள் தரவுத்தளத்தில் எண்ணைத் தட்டினால், எப்போது, யார் கண்டுபிடித்தார்கள் என்பது வந்துவிடும். இந்தத் தகவல் ஐந்தாவது படியில் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும், இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர் ஒரு நிலவுக்கும் ஒரு குறுங்கோளுக்கும் இருப்பதை ஐஏயு விரும்புவதில்லை. புளூட்டோவின் சின்ன நிலவு ஒன்றுக்கு செர்பெரஸ் என்று பெயர் வைக்க விரும்பினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு குறுங்கோள் இருந்தது. அதன் எண் 1865. ஆகவே கிரேக்க வடிவத்தை எடுத்து கெர்பெரோஸ் என்று 2013இல் வைத்தார்கள். நீங்கள் நினைத்த பெயர் போய்விட்டது என்றால் உடனே கைவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேறு எழுத்து வடிவம் பொருத்தமாக இருந்தால் அதை முன்வைக்கலாம். குழப்பம் வர வாய்ப்பே இல்லை, பெயரும் மிகப் பொருத்தம் என்றால், ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பதை அபூர்வமாக அனுமதிப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி விண்ணப்பத்தை அமைக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி. செய்திகளில் நீங்கள் படிக்கும் பெயர்கள் பலவும் செல்லப்பெயர்கள். செவ்வாயில் ஊர்தி ஓட்டும் குழுக்கள் பாறைகளுக்கு வைக்கும் பெயர்களுக்கு ஐஏயு அங்கீகாரம் கிடையாது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 புத்தாண்டில் கடந்த பொருளை முதலில் அல்டிமா தூலே என்று அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதற்கு முறையாகக் கிடைத்த பெயர் அரோகாத். அது வட அமெரிக்காவின் பௌஹட்டன் பழங்குடியினரின் மொழிச் சொல். அந்தச் சமூகத்தின் பெரியவர்களிடம் சம்மதம் கேட்ட பிறகே முன்மொழிந்தார்கள். ஒரு சமூகத்தின் புனிதப் பெயரையோ பழங்கதைப் பெயரையோ எடுக்கப்போகிறீர்கள் என்றால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். அது மரியாதை.

3. அந்த இடத்தின் கருப்பொருளைப் படியுங்கள்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது இந்தப் படியில்தான் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு கோளுக்கும், ஒவ்வொரு நிலவுக்கும், அதிலுள்ள ஒவ்வொரு வகை அமைப்புக்கும் பெயர் எங்கிருந்து வர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் கொண்டுவரும் பெயர் எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்த வட்டத்துக்குள் வராவிட்டால் பயனில்லை. ஆகவே பெயரைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவதானால், அந்தப் பெயர் எந்த வட்டத்தில் பொருந்தும் என்று பாருங்கள்.

புதனின் குழிகளுக்குக் கலைஞர்கள்: ஓவியர், இசைஞர், கவிஞர், எழுத்தாளர். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கலை வரலாற்றில் முக்கியமானவராக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். காளிதாசர், வால்மீகி, தியாகராஜர், தான்சேன் எல்லாரும் அங்கே இருப்பது இப்படித்தான். ஒரு இயற்பியலாளரின் பெயரைப் புதனுக்கு அனுப்பினால் அது திரும்பி வரும். அதே பெயர் சந்திரனில் பொருந்தலாம். சந்திரனின் குழிகளுக்கு மறைந்த விஞ்ஞானிகள், அறிஞர்கள், ஆய்வுப் பயணிகள். ராமன், சாராபாய் இருவரும் அங்கே இருக்கிறார்கள். மிகச் சிறிய குழிகளுக்கு மட்டும் சாதாரண முதற்பெயர்கள்.

வெள்ளி முழுக்கப் பெண்களுக்கு. சுமார் 20 கி.மீ.க்கு மேலான குழிகளுக்குப் புகழ்பெற்ற பெண்கள், அதற்குக் குறைந்தவற்றுக்குப் பெண்களின் முதற்பெயர்கள், மற்ற அமைப்புகளுக்கு வகைவாரியாகத் தேவியர். லட்சுமி பிளானம் என்ற பீடபூமி அங்கே இருக்கிறது. "மாக்ஸ்வெல் மோன்டெஸ் ஒரு ஆணின் பெயர்தானே" என்று யாராவது வாதம் வைக்கத் தூண்டினால் கேட்காதீர்கள். அது இந்த விதிக்கு முன்பே நிலைத்துவிட்ட பெயர். ஆல்ஃபா ரெஜியோ, பீட்டா ரெஜியோ இரண்டும் அப்படியே. பழைய விலக்கைக் காட்டிப் புதிய விலக்குக் கேட்பது எங்கேயும் எடுபடாது.

செவ்வாயில் குழியின் அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சுமார் 50 கி.மீ.க்கு மேல் என்றால் செவ்வாயை ஆராய்ந்த அறிஞர்கள், செவ்வாய் பற்றிய கற்பனைக்கு வளம் சேர்த்த எழுத்தாளர்கள். அதற்குக் கீழே என்றால் சுமார் ஒரு லட்சம் மக்களுக்கு உட்பட்ட சிற்றூர்களின் பெயர்கள், உலகின் எந்த மூலையிலிருந்தும். இதற்கு 2024 ஜூனில் அங்கீகாரம் பெற்ற மூன்று பெயர்களைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் தார்சிஸ் பகுதியை ஆராய்ந்தபோது சுமார் 65 கி.மீ. அகலமுள்ள ஒரு குழிக்கும், அதன் விளிம்புகளில் படிந்திருந்த, தலா 10 கி.மீ. அளவுள்ள இரண்டு குழிகளுக்கும் பெயர் தேவைப்பட்டது. பெரியதற்கு விஞ்ஞானி தேவேந்திர லாலின் பெயர். சிறியவை இரண்டுக்கும் முர்சான், ஹில்சா என்ற சிற்றூர்ப் பெயர்கள். மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அளவு மாறியதும் விதியும் மாறிவிட்டது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிற்றூர்ப் பெயர்கள் அந்த ஊரைக் கௌரவிப்பதற்காக வைக்கப்படுவதில்லை என்று விதியே சொல்கிறது. அவை பெயர்களுக்கான ஒரு பெரிய சேமிப்பு, அவ்வளவுதான். ஆகவே "எங்கள் ஊரின் பெருமை" என்று நாலு பக்கம் எழுதுவதில் பலன் இல்லை.

செவ்வாயின் பெரிய பள்ளத்தாக்குகளுக்கு உலக மொழிகளில் செவ்வாய்க்கு உள்ள பெயர்கள் இருக்கின்றன. மங்களா வாலேஸ் அப்படி வந்தது.

வெளியே போகப் போக வட்டங்கள் இன்னும் சுவையாகின்றன. வியாழனின் நிலவுகளில், எரிமலைகள் கொதிக்கும் அயோவில் நெருப்பு, சூரியன், இடி ஆகியவற்றின் தெய்வங்கள்: பெலே, லோகி, புரோமித்தியஸ். யூரோப்பாவில் கெல்டியக் கதைகள். கலிஸ்டோவில் வட ஐரோப்பியப் புராணம். சனியின் நிலவான என்செலடஸில் ஆயிரத்தொரு இரவுக் கதைகள். சனியின் இன்னொரு நிலவான டைட்டனின் மீத்தேன் கடல்களுக்குக் கதைகளில் வரும் கடற்பூதங்கள், அதனால்தான் கிராக்கன் மாரே; அதன் ஏரிகளுக்குப் பூமியின் ஏரிகள். யுரேனஸின் நிலவுகளுக்கு ஷேக்ஸ்பியர், ஆங்கிலக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் இருவரின் பாத்திரங்கள். புளூட்டோவில் பாதாள உலகம் ஒரு பக்கம், முன்னோடிப் பயணிகள் ஒரு பக்கம். ஹிலாரி, டென்சிங் இருவருக்கும் அங்கே மலைத்தொடர்கள் உண்டு. அதன் நிலவு கேரனில் கற்பனைப் பயணிகள். மகாபாரதத்தில் வரும் ரேவதி அங்கே ஒரு குழியாக இருக்கிறாள். இந்தப் பட்டியல்கள் கெசட்டியர் தளத்தில் "வகைகள்" என்ற பக்கத்தில் முழுமையாக உள்ளன. அதைப் பொறுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

4. ஆள் பெயர் என்றால் இந்தத் தடைகளைச் சரிபாருங்கள்

தரை அமைப்புக்கு: அவர் இறந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அரசியல், ராணுவம், மதம் சார்ந்த முக்கியத்துவம் உள்ள பெயர்கள் கூடாது. 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட அரசியல் ஆளுமைகளுக்கு மட்டும் விலக்கு. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகியோர் உயிரோடிருந்தபோதே சந்திரனில் குழிகள் கிடைத்தன. உண்மைதான், அது 1970இன் தனி முடிவு. உங்கள் விண்ணப்பத்துக்கு அது உதவாது.

குறுங்கோளுக்கு: உயிரோடிருப்பவர் பெயர் வைக்கலாம். 4538 எண்ணுள்ள குறுங்கோள் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் பெயரில் விஷிஆனந்த் ஆனது இப்படித்தான். ஆனால் முக்கியமாக அரசியலாலோ ராணுவத்தாலோ அறியப்பட்டவர் என்றால் இறந்து 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வணிகப் பெயர்கள் முற்றிலும் தடை. வளர்ப்புப் பிராணிகளின் பெயர்களும் வேண்டாம் என்கிறார்கள். 2309ஆம் குறுங்கோளுக்கு மிஸ்டர் ஸ்போக் என்று ஒரு பூனையின் பெயரை வைத்ததைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு அது.

ஒருவரின் வாழ்க்கையை முழுதாகப் படித்த பின் முன்மொழியுங்கள். நோபல் பரிசு பெற்ற லெனார்ட், ஷ்டார்க் என்ற இரு இயற்பியலாளர்களின் பெயர்கள் சந்திரனின் குழிகளுக்கு இருந்தன. அவர்கள் நாஜிகளின் தீவிர ஆதரவாளர்கள் என்பது சுட்டிக்காட்டப்பட்டு 2020இல் இரண்டும் நீக்கப்பட்டன. அங்கீகாரம் கிடைத்துவிட்டால் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம்.

5. குறுங்கோள் என்றால், உரிமை யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

குறுங்கோளுக்குப் பெயர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருடையது. அதற்கு முதலில் அந்தக் குறுங்கோளுக்கு எண் கிடைத்திருக்க வேண்டும். எண் கிடைக்கச் சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரிய வேண்டும்; பொதுவாக நான்கு எதிர்நிலைகளிலாவது (பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிரே அது வரும் காலங்களில்) அதைக் கண்டிருக்க வேண்டும். எண் கிடைத்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் அந்த உரிமை கண்டுபிடித்தவரிடம் இருக்கும். அதன் பிறகு மற்ற ஆய்வாளர்கள் முன்மொழியலாம். இருந்தாலும் கண்டுபிடித்தவரின் சம்மதத்தோடு போவதே சுலபமான வழி.

எண் கிடைக்கும் முன் தற்காலிகக் குறியீடு மட்டும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் கண்டுபிடித்தவரைத் தேடுவது எளிது. 2002 விஇ68 (2002 VE68) என்பதை எடுத்துக்கொள்வோம். 2002 ஆண்டு. முதல் எழுத்து அரை மாதத்தைக் குறிக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் "ஐ"யை விட்டுவிட்டு எண்ணினால் "வி" என்பது நவம்பர் முதல் பாதி. இரண்டாம் எழுத்து "இ" ஐந்தாவது இடம். அப்புறம் வரும் 68, இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட சுற்று 68 தடவை முடிந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. ஆக, அந்த அரை மாதத்தில் குறியீடு பெற்ற 1705ஆவது பொருள்.

இந்தக் குறுங்கோளின் கதை புதியவர்களுக்கு நல்ல வழிகாட்டி. ரேடியோலேப் என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் லத்தீஃப் நாசர், குழந்தைகளுக்கான ஒரு சூரியக் குடும்பப் படத்தில் வெள்ளிக்கு அருகே "சூஸ்வே" (ZOOZVE) என்று எழுதியிருந்ததைக் கண்டார். படம் வரைந்தவர் குறியீட்டின் எண்களை எழுத்துகளாகப் படித்துவிட்டதால் வந்த பெயர் அது. நாசர் வானியலாளர் அல்லர். அவர் செய்தது ஒன்றே ஒன்று: கண்டுபிடித்தவரான லோவெல் ஆய்வகத்தின் பிரையன் ஸ்கிஃபைத் தொடர்புகொண்டார். ஸ்கிஃப் முன்மொழிந்தார். பூமிக்கு அருகே வரும் குறுங்கோள்களுக்குப் புராணப் பெயர்தான் வழக்கம்; அதற்கு விலக்கு அளித்து 2024 பிப்ரவரியில் அங்கீகரித்தார்கள். நீங்களும் செய்ய வேண்டியது இதுதான். கண்டுபிடித்தவருக்கு மரியாதையாக, சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தக் குறுங்கோள், என்ன பெயர், ஏன், மூன்று வரிக் குறிப்பு. பெரிய தேடல் திட்டம் கண்டுபிடித்தது என்றால் அதன் தலைமை ஆய்வாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் சில வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் நச்சரிக்க வேண்டாம், வேறு குறுங்கோள் பாருங்கள். பெயர் பெற்றவை சுமார் 25,000தான். எண் மட்டும் உள்ளவை லட்சக்கணக்கில் இருக்கின்றன.

குறுங்கோள்களிலும் கருப்பொருள் உண்டு. வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் செல்லும் டிராயன்களுக்கு ட்ரோஜன் போரின் வீரர்கள்: முன்னே போகும் கூட்டத்தில் கிரேக்கர், பின்னே வருவதில் டிராய்க்காரர். சிறிய டிராயன்களுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயரையும் இப்போது ஏற்கிறார்கள். நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவற்றில், நெப்டியூனின் தாளத்தோடு 2:3 விகிதத்தில் சுற்றும் புளூட்டினோக்களுக்குப் பாதாள தெய்வங்கள், மற்ற பலவற்றுக்குப் படைப்புத் தெய்வங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் உள்ளவற்றுக்குத்தான் சுதந்திரம் அதிகம். முதல் முயற்சிக்கு அதையே பரிந்துரைப்பேன்.

மாணவராகவோ ஆசிரியராகவோ இருந்தால் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பின் இலவசத் திட்டத்தில் சேர்ந்து நீங்களே குறுங்கோள் தேடலாம். பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களை அனுப்புவார்கள். ஆனால் தற்காலிகக் குறியீட்டிலிருந்து எண்ணுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

6. நிலவு என்றால் காத்திருங்கள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

கோளின் நிலவுக்குப் பெயர் முன்மொழிவது கண்டுபிடித்த குழுவின் உரிமை. வெளியாளுக்குக் கதவு திறப்பது அந்தக் குழு பொதுமக்களிடம் யோசனை கேட்கும்போது மட்டும். 2025இல் சனிக்கு மட்டும் அறிவிக்கப்பட்ட நிலவுகள் 274 ஆகிவிட்டன. அவற்றில் பல இன்னும் குறியீட்டோடு நிற்பதால் வாய்ப்பு வரும்.

வரும்போது தயாராக இருக்க இரண்டு முன்னுதாரணங்கள். 2013இல் புளூட்டோவின் இரண்டு நிலவுகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. அதிக வாக்கு பெற்ற பெயர் வல்கன். ஐஏயு ஏற்கவில்லை: வல்கனுக்குப் பாதாளத்தோடு தொடர்பில்லை, தவிர அது வானியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே பயன்பட்ட பெயர். இரண்டாம், மூன்றாம் இடங்களிலிருந்துதான் கெர்பெரோஸும் ஸ்டிக்ஸும் வந்தன. வாக்கு எண்ணிக்கை விதியை மீறாது.

2019இல் வியாழனின் ஐந்து நிலவுகளுக்குக் கண்டுபிடித்தவர்கள் யோசனை கேட்டபோது விதிகளையும் சேர்த்தே அறிவித்தார்கள்: ஜூபிடர் அல்லது சீயஸின் காதலரோ சந்ததியோ, 16 எழுத்துக்குள். இன்னொரு நுணுக்கம் ஆங்கில எழுத்துமுறையில் உள்ளது. வியாழன் சுழலும் திசையிலேயே சுற்றும் நிலவுகளின் பெயர் "ஏ" (a) எழுத்தில் முடிய வேண்டும், எதிர்த்திசையில் சுற்றுபவை "இ"யில் (e) முடிய வேண்டும். வெற்றி பெற்றவை பாண்டியா, எர்சா, ஐரீனி, ஃபிலோஃப்ரோசினி, யூஃபெமி. முதல் இரண்டும் நேர்த்திசை, மற்ற மூன்றும் எதிர்த்திசை. போட்டியில் கலந்துகொள்ளும்போது நிலவு எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்துப் பெயர் தேடியவர்களின் உழைப்பு அங்கே தெரிகிறது.

7. ஆவணங்களைச் சேருங்கள்

தரை அமைப்புக்கு, கெசட்டியர் தளத்திலேயே விண்ணப்பப் படிவம் உள்ளது. அதைத் திறக்கும் முன் இவை கையில் இருக்கட்டும்: எந்தக் கோள் அல்லது நிலவு, அமைப்பின் வகை, மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, விட்டம் அல்லது நீளம், அமைப்பைத் தெளிவாகக் குறித்துக் காட்டிய படம், முன்மொழியும் பெயர், அந்தப் பெயரின் மூலம், ஏன் பெயர் தேவை என்ற விளக்கம்.

தீர்க்கரேகையைக் கிழக்காக எண்ணுகிறீர்களா மேற்காகவா, 0 முதல் 360 வரையா அல்லது 180க்கு இருபுறமுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கோளுக்குக் கோள் வழக்கம் மாறும். இதைச் சொல்லாவிட்டால் உங்கள் குழி கோளின் மறுபக்கத்துக்குப் போய்விடும்.

பெயரின் மூலத்துக்கு அச்சான, நம்பத்தக்க நூல் ஒன்றைப் பக்க எண்ணோடு கொடுங்கள். கெசட்டியரில் ஒவ்வொரு பெயருக்கும் மூல நூல் குறிக்கப்படுகிறது. இணையத்தில் எங்கோ படித்தேன் என்பது போதாது. வாய்மொழி மரபுப் பெயர் என்றால் யாராவது பதிவு செய்து வெளியிட்ட தொகுப்பைத் தேடுங்கள்; நூலகத்தில் செலவிடும் நேரம் பெரும்பாலும் இதற்குத்தான் போகும்.

"ஏன் தேவை" என்ற கட்டத்துக்குத்தான் எடை அதிகம். அறிவியல் தேவைதான் முதல் விதி. அந்தக் குழியைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதப்படுகிறது, ஒரு வரைபடம் வரையப்படுகிறது, பெயரில்லாமல் குறிப்பிட முடியவில்லை என்றால் அது தேவை. ஒருவரைக் கௌரவிக்க ஆசை என்பது தேவை ஆகாது. 100 மீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு, அசாதாரண அறிவியல் முக்கியத்துவம் இருந்தால் ஒழியப் பெயர் வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் பெயரை யோசனையாகச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நீங்கள் ஆய்வாளர் இல்லை என்றால், அந்தப் பகுதியை ஆராய்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் வழியாகப் போங்கள். அண்மையில் வெளியான கட்டுரைகளைத் தேடினால் யார் அங்கே வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

குறுங்கோளுக்கு ஆவணம் குறைவு. எண், தற்காலிகக் குறியீடு, பெயர், ஏன் இந்தப் பெயர் என்ற சில வரிக் குறிப்பு. கண்டுபிடித்தவர் இதை இணையப் படிவத்தில் ஏற்றுவார். பெயர் ரோமன் எழுத்தில், இடைவெளியும் நிறுத்தற்குறியும் சேர்த்து 16க்குள் இருக்க வேண்டும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. விஸ்வநாதன் ஆனந்த் என்பதை முழுதாக எழுதினாலே 17 வந்துவிடுகிறது. நம் பெயர்கள் நீளமானவை, ஆகவே முதலில் எண்ணிப் பாருங்கள். குறிப்பில் புகழ்மொழி வேண்டாம். அவர் என்ன செய்தார், எங்கே, எப்போது, அவ்வளவு போதும்.

8. செலவு

ஒன்றுமில்லை. விண்ணப்பக் கட்டணம் இல்லை, பரிசீலனைக் கட்டணம் இல்லை, விரைவாக முடிக்கத் தனிக் கட்டணமும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு விண்மீனுக்கோ, செவ்வாயின் குழிக்கோ உங்கள் அன்புக்குரியவர் பெயரை வைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் கொடுக்கும் சான்றிதழுக்கு எந்த அங்கீகாரமும் கிடையாது. பெயரை ஐஏயு விற்பதில்லை. பிரிந்தவரின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவர்களிடம்தான் இந்த வியாபாரம் அதிகம் நடக்கிறது. தயவுசெய்து தெரிந்தவர்களிடம் சொல்லிவையுங்கள்.

9. எவ்வளவு காலம் ஆகும்

தரை அமைப்பு: துணைக்குழு பார்த்து, தேவையானால் கேள்வி கேட்டு, பணிக்குழுவுக்கு அனுப்பும், அங்கே வாக்கெடுப்பு. சிக்கலில்லாத விண்ணப்பம் சில வாரம் முதல் சில மாதத்தில் முடியும். சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அந்த இடத்துக்கு ஸ்டேஷியோ சிவசக்தி என்ற பெயர் அங்கீகரிக்கப்பட்டது 2024 மார்ச் 19. புளூட்டோவுக்கு இதைவிட நீண்டது: விண்கலம் கடந்தது 2015 ஜூலையில், முதல் தொகுதிப் பெயர்கள் வந்தது 2017இல். கட்டுரையில் பெயரைப் பயன்படுத்த வேண்டுமானால், கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அங்கீகாரம் வராத பெயரை அச்சில் கொண்டுவராதீர்கள்.

குறுங்கோள்: எண் இருந்து, கண்டுபிடித்தவரும் சம்மதித்தால் மாதக்கணக்கு. ஒரு கண்டுபிடிப்பாளர் இரண்டு மாதத்துக்கு இரண்டு பெயர்தான் முன்மொழியலாம் என்ற வரம்பு உண்டு. ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தவரிடம் போனால் உங்களுக்கு முன்னால் வரிசை இருக்கும்.

நிலவு: ஆண்டுக்கணக்கு. நெப்டியூனின் ஹிப்போகாம்ப் 2013இல் கண்டுபிடிக்கப்பட்டு 2019இல் பெயர் பெற்றது.

10. அங்கீகாரம் வந்த பிறகு

தரை அமைப்பின் பெயர் உடனே கெசட்டியரில் ஏறும். அந்தப் பதிவுதான் உங்கள் சான்று; அதன் பக்கத்தைச் சேமித்துவையுங்கள். பதிவான நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் யாரும் தக்க காரணத்தோடு ஐஏயுவின் பொதுச் செயலாளருக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பெரிய அறிவிப்போ விழாவோ வைக்க நினைத்தால் அந்தக் காலம் கழியட்டும். குறுங்கோளின் பெயரும் குறிப்பும் சிறு பொருள்கள் பணிக்குழுவின் இதழில் வெளியாகும், அதையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

உடனே எழுத்துக் கோர்வையைச் சரிபாருங்கள். மேற்குறிகள் விடுபட்டிருந்தாலோ, ஊர், ஆண்டு தவறியிருந்தாலோ ஆதாரத்தோடு எழுதுங்கள். முதல் சில வாரங்களில் திருத்துவது எளிது. அந்தப் பெயர் நாலு வரைபடங்களில் ஏறிவிட்டால் பழைய எழுத்தும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும்.